யொருபா என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்க வரலாறு பற்றி எங்கே பேசினாலும், என்ன எழுதினாலும், யொருபா மக்கள் பற்றி வரும் கேள்விகளில் பாதி அவர்களுடைய பெயரைச் சுற்றியே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது உதவும்.

யொருபான்னா ஊரா, மொழியா, இனமா? ஒண்ணும் புரியலை.

மக்களுக்கும் அவர்கள் பேசும் மொழிக்கும் அதுவே பெயர். நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதிதான் அவர்களுடைய தாயகம். லாகோஸ், இபாடன், அபெயோகுட்டா, இலே-இஃபே எல்லாம் யொருபா நகரங்கள். லாகோஸ், ஓகுன், ஒயோ, ஓசுன், ஒண்டோ, எகிட்டி ஆகிய 6 மாநிலங்களில் அவர்களே பெரும்பான்மை. குவாரா, கோகி மாநிலங்களிலும் கணிசமாக இருக்கிறார்கள். எல்லை தாண்டினால் பெனின் நாட்டிலும் டோகோவிலும் யொருபா பேசும் ஊர்கள் உண்டு. மொத்தம் 4 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். நைஜீரியாவின் 1999 அரசமைப்புச் சட்டம், நாடாளுமன்ற அலுவல்களை நடத்த ஆங்கிலத்தோடு ஹௌசா, இக்போ, யொருபா ஆகிய மூன்று மொழிகளையும் குறிப்பிடுகிறது.

தமிழில் எப்படி எழுதுவது? யோருபா, யொரூபா, யோரூபா என்று ஆளுக்கொரு விதமாக இருக்கிறதே.

அது தொனி மொழி. பெயரின் மூன்று அசைகளுக்கும் தனித்தனித் தொனி: முதல் அசை நடுத்தரம், இரண்டாவது தாழ்வு, மூன்றாவது உயர்வு. உயிரெழுத்துகள் எதுவும் நீண்டு ஒலிப்பதில்லை. அதனால் நான் 'யொருபா' என்று எழுதுகிறேன். கடைசி அசையைக் குறிலாக எழுதினால் தமிழில் வேறு மாதிரி படிக்க நேரும் என்பதால் அங்கே மட்டும் நெடில். மற்ற வடிவங்களில் எழுதினாலும் யாருக்கும் புரியாமல் போகாது.

சரி, அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?

யொருபா மொழியிலேயே இதற்கு அனைவரும் ஏற்கும் பொருள் கிடையாது. எந்தக் கேள்விக்கும் இல்லாத அளவுக்கு ஏமாற்றம் தரும் பதில் இது என்று தெரியும். 'பலி கொடுப்பவர்கள்', 'அரசனோடு தொடர்புடையவர்கள்' என்றெல்லாம் அசைகளைப் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். இவை பெயர் பரவிய பிறகு ஒலிப்பொருத்தம் பார்த்துச் சொல்லப்பட்ட விளக்கங்கள். பெயர் அப்படிப் பிறந்தது என்பதற்குப் பழைய சான்று எதுவும் அவற்றுக்கு இல்லை.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் செய்தி வேறு. இந்தப் பெயர் வடக்கே இருந்த அயலார் வாயிலிருந்து வந்தது. ஹௌசா மக்கள் தெற்கே இருந்த ஒயோ பேரரசின் ஆட்களை 'யர்பாவா' என்றும், அவர்களில் ஒருவரை 'பாயரபே' என்றும் சொல்வார்கள். ஹௌசாக்காரர்களுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. என்னைக் கேட்டால், 'என்ன பொருள்' என்ற கேள்வியைவிட 'யார், யாரை, எப்போது அப்படி அழைத்தார்கள்' என்ற கேள்வியில்தான் விஷயம் நிறைய இருக்கிறது. அதைத் தொடர்ந்து போனால் அடிமை வணிகம், மதப் பணி, நாடு கடந்த வாழ்க்கை எல்லாம் வந்துவிடும்.

எழுத்தில் முதன்முதலாக எங்கே வருகிறது?

இப்போது கிடைப்பவற்றில் பழையது 1615-இல் திம்புக்டு அறிஞர் அகமது பாபா அரபியில் எழுதிய ஒரு சட்ட விளக்கம். சகாராவின் துவாத் பாலைவனச் சோலையிலிருந்து சிலர் அவருக்குக் கேள்வி அனுப்பினார்கள்: சூடான் பகுதி (இன்றைய சூடான் நாடு இல்லை, சகாராவுக்குத் தெற்கே இருந்த நிலம்) மக்களில் யாரை அடிமையாக வாங்கலாம், யாரை வாங்கக் கூடாது? முஸ்லிமாக இருப்பவரை அடிமையாக்கக் கூடாது என்பது அவர் பதிலின் அடிப்படை. முஸ்லிம் அல்லாத மக்கள் என்று அவர் தரும் பட்டியலில் மொசி, குர்மா, டகோம்பா போன்ற பெயர்களுடன் யொருபாவும் வருகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் முதன்முதலாக நம் கண்ணில் படும் இடம், யாரைப் பிடித்து விற்கலாம் என்ற விவாதம். எழுதியவரும் சிறைப்பட்டவர்தான். மொராக்கோ படை சோங்காய் பேரரசை வீழ்த்திய பின் அகமது பாபாவை மராகேஷுக்குக் கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் இந்தப் பதிலை எழுதினார்.

அப்போ அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிட்டாங்க?

ஊர்ப்பெயரால், அரசின் பெயரால். ஒயோ, எக்பா, இஜேபு, இஜேஷா, எகிட்டி, ஒண்டோ, இஃபே, அவோரி, இக்போமினா, கேட்டு என்று நீளும் பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் தனி அரசர், தனிப் பேச்சு வழக்கு. 18-ஆம் நூற்றாண்டின் இஜேபு வணிகர் ஒருவரிடம் 'நீங்கள் யொருபாவா' என்று கேட்டிருந்தால், 'ஒயோக்காரனா' என்று கேட்டதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். இல்லை என்றும் சொல்லியிருப்பார்.

பொதுவாகச் சொல்லிக்கொள்ளவும் சில சொற்றொடர்கள் உண்டு. 'ஒடுடுவாவின் பிள்ளைகள்' என்பது ஒன்று. இலே-இஃபேயில் அரசமரபைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் முன்னோர்தான் ஒடுடுவா. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: 'ஒமோ காஆரோ ஓஜீரே'. காலை வணக்கம் சொல்லி, நன்றாக எழுந்தீர்களா என்று கேட்பவர்களின் பிள்ளைகள் என்று பொருள். விடிந்ததும் ஒருவரையொருவர் எப்படி விசாரிக்கிறார்கள் என்பதை வைத்தே 'நம்மாள்' என்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

ஒயோவுக்கு மட்டும் இருந்த பெயர் எல்லாருக்கும் எப்படிப் போச்சு?

இதுதான் இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1820-களில் ஸ்காட்லாந்துக்காரரான ஹ்யூ கிளாப்பர்ட்டன் இன்றைய வடமேற்கு நைஜீரியாவில் இருக்கும் சொக்கோட்டோவுக்குப் போனார். அங்கே சுல்தான் முகம்மது பெல்லோ எழுதிய அரபுக் குறிப்புகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றில் யொருபா நாட்டைப் பற்றியும் இருந்தது. அவருடைய முதல் பயணத்தின் நூல் 1826-இல் வெளிவந்தபோது அந்தப் பகுதியும் அச்சாகி ஐரோப்பியர் கைக்குப் போனது. இரண்டாம் பயணத்தில் அவர் கடற்கரையிலிருந்து ஒயோ நாட்டின் வழியாகவே வடக்கே நடந்தார். ஹௌசாக்காரர்கள் வழங்கிய பெயரையே அவரும் எடுத்துக்கொண்டார். ஒயோ தலைநகரைக்கூட 'கட்டுங்கா' என்று ஹௌசாப் பெயரால்தான் எழுதுகிறார்.

அப்புறம் கதை கடல் வழியாகத் தொடர்கிறது. ஒயோ பேரரசு நொறுங்கிய காலம் அது. போர்களில் பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்த கப்பல்களில் இருந்தவர்களை சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறக்கிவிட்டார்கள். எக்பா, இஜேஷா, ஒயோ என்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாத ஒரு கரையில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியேறினார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரிகிறது, கும்பிடும் தெய்வங்கள் ஒன்றுபோல இருக்கின்றன, விசாரிக்கும் முறை ஒன்று. ஊரில் இருந்தவரை கண்ணில் படாத ஒற்றுமை அங்கே பளிச்சென்று தெரிந்தது.

அவர்களில் ஒருவர் சாமுவேல் அஜாயி குரவுதர். ஒயோ நாட்டு ஒசோகுன் ஊரில் பிறந்து, 1821-இல் சிறுவனாகப் பிடிபட்டு, 1822-இல் மீட்கப்பட்டவர். 1843-இல் யொருபா மொழிக்கு ஒரு சொற்பட்டியலை வெளியிட்டார். சர்ச் மிஷனரி சங்கத்தின் மூலம் அந்தப் பெயர் பாடநூல், விவிலியம், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் மொத்த மொழிக்குமான பெயராக நின்றுவிட்டது. எழுத்து மொழியும் பெரும்பாலும் ஒயோ வழக்கை ஒட்டியே அமைந்தது. 1864-இல் குரவுதர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர் ஆனார். விற்கப்பட்ட ஒரு சிறுவன் வளர்ந்து தன் மக்களின் மொழிக்கு அகராதியும் விவிலியமும் தந்தார் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

யாரும் எதிர்க்கலையா? எக்பாக்காரங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?

எதிர்ப்பு இருந்தது. சியரா லியோனில் இவர்களை எல்லாரும் 'அக்கு' என்றுதான் அழைத்தார்கள். இவர்களுடைய வாழ்த்துகள் பலவும் 'எ கு' என்று தொடங்கும். அதிலிருந்து வந்த பெயர். குரவுதர் இருந்த அதே மதச் சங்கத்தில் பணிசெய்த ஜெர்மானிய மொழியறிஞர் கெல்லே, ஃபிரீடவுனில் மீட்கப்பட்டவர்களிடம் கேட்டு ஆப்பிரிக்க மொழிகளின் பெரிய தொகுப்பு ஒன்றை 1854-இல் வெளியிட்டார். ஒரு பகுதியின் பெயரை மொத்த மக்களுக்கும் வைப்பது தவறு, மதப் பணியாளர்களைத் தவிர யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று அதில் வாதாடினார். அவருடைய தொகுப்பில் 'அக்கு' என்ற தலைப்பின் கீழ் எக்பா, இஜேஷா, ஒண்டோ ஆகியவற்றோடு யொருபாவும் பலவற்றுள் ஒன்றாக வருகிறது. அன்றைய நிலைமைக்கு அவர் சொன்னது சரிதான்.

இதைவிட நல்ல சான்று ஒன்று உண்டு. 1859-இல் அபெயோகுட்டாவில் ஹென்றி டவுன்சென்ட் என்ற மதப் பணியாளர் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். நைஜீரியாவின் முதல் செய்தித்தாள் அது. அதன் முழுப்பெயர் 'இவே இரோஹின் ஃபுன் அவொன் அரா எக்பா அத்தி யொருபா'. எக்பா மக்களுக்கும் யொருபாக்களுக்குமான செய்தித்தாள் என்று பொருள். அந்த 'உம்'மைக் கவனியுங்கள். 1859-இலும் எக்பா வேறு, யொருபா வேறு. இன்றைக்கு அபெயோகுட்டாவில் யாரைக் கேட்டாலும் தான் எக்பாவும்தான் யொருபாவும்தான் என்பார்.

அரேபியாவின் யஃரூப் என்பவரின் வழிவந்தவர்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

இந்தக் கதையின் ஊற்று மேலே சொன்ன முகம்மது பெல்லோவின் எழுத்து. ஆனால் வீடியோக்களில் அது தலைகீழாக மாறிவிடுகிறது. பெல்லோ சொன்னபடி பார்த்தால் யஃரூப் இவர்களுக்கு முன்னோர் இல்லை. இவர்களை அரேபியாவிலிருந்து விரட்டியவர். யொருபா மக்கள் கானான் வழியினர், நிம்ரோது குலத்தவர் என்று அவர் எழுதினார். தென்னரேபிய வம்சாவளிகளில் வரும் கஹ்தானின் மகனான யஃரூப்பின் பெயரும் இந்தப் பெயரும் ஒலியில் நெருங்கி வருவது அந்தக் கதைக்குப் பிடிமானம் ஆனது. தொலைவில் உள்ள மக்களையும் வேதங்களில் வரும் வம்சாவளிக்குள் சேர்த்து விளங்கிக்கொள்வது அக்கால அறிஞர்களின் வழக்கம்.

யொருபா வரலாற்றை விரிவாக எழுதிய பாதிரியார் சாமுவேல் ஜான்சன் இதைப் படித்திருந்தார். 1897-இல் அவர் எழுதி முடித்த கைப்பிரதி பதிப்பகத்தில் காணாமல் போனது. அவருடைய குறிப்புகளிலிருந்து தம்பி ஒபாதியா மறுபடி உருவாக்கியதுதான் 1921-இல் அச்சானது. மக்கா அரசன் லாமுருடுவின் மகன் ஒடுடுவா என்ற மரபுக் கதையை ஜான்சன் பதிவு செய்கிறார். மக்காவிலிருந்து வந்ததை ஏற்காமல் எகிப்து, நூபியா பக்கம் கைகாட்டுகிறார். மொழி சொல்லும் சாட்சியோ வேறு. யொருபா, நைஜர்-காங்கோ குடும்பத்து மொழி. அதன் நெருங்கிய உறவுகள் இட்செகிரியும் இகாலாவும். இரண்டும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. அரபியோ ஆப்பிரோ-ஆசியக் குடும்பம். இஃபேயின் புகழ்பெற்ற உலோகச் சிரங்களைச் செய்தவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு முன்னோரைத் தேடித்தர வேண்டிய தேவை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபுலானிகள் கேவலப்படுத்த வெச்ச பேரு, 'ஏமாத்துக்காரன்'னு அர்த்தம்னு சொல்றாங்களே?

நைஜீரியாவில் சமூக ஊடகங்களில் அடிக்கடி எழும் பேச்சு இது. இதன் பின்னால் உள்ள காயம் உண்மையானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒயோவின் படைத்தலைவர் அஃபோன்ஜா இலோரினில் அரசரை எதிர்த்து நின்றார். உதவிக்கு அழைத்தவர்களாலேயே பின்னர் கொல்லப்பட்டார். இலோரின், ஃபுலானிகள் தலைமையிலான சொக்கோட்டோ கலிபாவின் கீழ் போனது. அந்த நினைவு இன்றைய அரசியலிலும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. சொக்கோட்டோவை உருவாக்கிய ஜிஹாத் 1804-இல் தொடங்கியது. பெயர் 1615-இலேயே திம்புக்டுவில் எழுதப்பட்டுவிட்டது. அகமது பாபாவின் பட்டியலில் அதன் கூட வரும் பெயர்கள் அனைத்தும் சாதாரண இனப்பெயர்கள், வசைச்சொற்கள் இல்லை. வெளியார் வைத்த பெயர் என்பது ஒன்று, இழிவான பெயர் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சான்று இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை.

கியூபாவில் லுக்குமி, பிரேசிலில் நாகோ என்கிறார்களே, அவர்களும் இவர்களும் ஒன்றா?

ஒரே பகுதியிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள்தான். கடத்தியவர்களும் துறைமுகங்களும் மாறியதால் பெயரும் மாறியது. 'நாகோ' என்பது டஹோமி (இன்றைய பெனின் நாட்டில் இருந்த அரசு) பக்கத்து ஃபோன் மக்கள் யொருபா பேசுவோரைக் குறித்த பெயர். எல்லையோரத்தில் இருக்கும் 'அனாகோ' என்ற சிறு பிரிவின் பெயரிலிருந்து விரிந்தது. பிரேசிலின் பாஹியாவில் அது நிலைத்தது. 1835-இல் சால்வடோர் நகரில் அடிமைப்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் நடத்திய புகழ்பெற்ற மாலே கிளர்ச்சியில் முன்னின்றவர்கள் நாகோக்கள். பெனின் நாட்டிலும் அந்தப் பெயர் இன்றுவரை வழக்கில் உண்டு.

'லுக்குமி' இன்னும் பழையது. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுத்துகளிலேயே அந்தச் சாயலில் ஒரு நாட்டுப்பெயர் வருகிறது. 'ஒலுகு மி', அதாவது 'என் நண்பன்' என்பதிலிருந்து வந்தது என்று பலர் விளக்குவார்கள். நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில் 'ஒலுகுமி' என்றே தங்களை அழைத்துக்கொள்ளும், யொருபாவுக்கு நெருக்கமான மொழி பேசும் ஒரு சிறிய சமூகம் இன்றும் இருக்கிறது. முன்பு சொன்ன 'அக்கு'வைச் சேர்த்தால், கடல் கடந்த ஒவ்வொரு கரையிலும் ஒரே மக்களுக்கு வெவ்வேறு பொதுப்பெயர். சியரா லியோனில் 'ஒக்கு' என்ற முஸ்லிம் சமூகமாக அவர்களின் வழித்தோன்றல்கள் இப்போதும் வாழ்கிறார்கள்.

அப்படின்னா 'யொருபா இனம்' என்பதே வெள்ளைக்காரன் கண்டுபிடிப்புன்னு சொல்லலாமா?

இந்த முடிவுக்குத்தான் பலரும் அவசரமாக வந்துவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் ஆண்டுகளைப் பாருங்கள். குரவுதரின் சொற்பட்டியல் 1843. பிரிட்டன் லாகோஸைத் தன் ஆட்சியில் சேர்த்தது 1861. உள்நாடு அவர்கள் கைக்குப் போனது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. மதச் சங்கம் வெளிநாட்டுடையது, உண்மை. ஆனால் மொழிபெயர்த்தவர்கள், கற்பித்தவர்கள், சியரா லியோனிலிருந்து ஊர் திரும்பி அபெயோகுட்டாவிலும் லாகோஸிலும் பள்ளி நடத்தியவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைகள். 'சாரோ' என்று அழைக்கப்பட்ட அவர்கள்தான் இந்தப் பெயரை வளர்த்தவர்கள்.

இரண்டாவது, பெயர் புதிதாக விரிந்தாலும் பொதுவான அடித்தளம் பழையது. இஃபேயைத் தோற்றுவாயாகச் சொல்லும் கதைகள், முகத்தை மறைக்கும் பாசிமணிச் சரம் தொங்கும் கிரீடம், இஃபா குறிசொல்லும் முறை, ஒரிஷா தெய்வங்கள் எல்லாம் இந்த அரசுகள் பலவற்றுக்கும் பொது. அதற்காக எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1877 முதல் 1893 வரை இபாடனும் எகிட்டி-இஜேஷா கூட்டணியும் கிரிஜி போரில் மோதிக்கொண்டன. சமாதானத்துக்காக அலைந்த தூதர்களில் மேலே சொன்ன ஜான்சனும் ஒருவர். தன் கண்முன்னே சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரே வரலாற்றுக்குள் கொண்டுவரத்தான் அவர் உட்கார்ந்து எழுதினார். அவர்கூட ஒயோக்காரர்களை 'அசல் யொருபா' என்று தனியே குறிப்பிடுகிறார் என்பது, பெயரின் பழைய பொருள் அப்போதும் மறையவில்லை என்பதைக் காட்டுகிறது.

இட்செகிரி மொழி யொருபா மாதிரியே இருக்கே, அவங்களும் யொருபாதானா?

மொழியியல் நெருக்கம் உண்டு. ஆனால் இட்செகிரி மக்கள் தங்களைத் தனி இனமாகவே கருதுகிறார்கள். வாரி என்ற ஊரில் அவர்களுக்கென்று அரசு உண்டு, அதன் அரசமரபு நைஜீரியாவிலேயே இருக்கும் பெனின் நகரத்தோடு உறவு சொல்கிறது. இகாலா மக்களும் அப்படித்தான். எக்பாக்காரர்கள் ஏற்றுக்கொண்டதை இவர்கள் ஏற்கவில்லை, அவ்வளவுதான். தாங்கள் யார் என்று அவர்கள் சொல்வதே இங்கு முடிவானது.

வெளியார் வைத்த பெயர்தானே, மாற்றிவிடக் கூடாதா?

அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஒடுடுவாவைச் சார்ந்தவை. தனி நாடு கேட்பவர்கள் 'ஒடுடுவா குடியரசு' என்கிறார்கள். இது புதிய யோசனையும் இல்லை. 1945-இல் லண்டனில் யொருபா அரசியல் தலைவர் ஒபாஃபெமி அவொலொவோ தொடங்கி, 1948-இல் இலே-இஃபேயில் முறைப்படி நிறுவப்பட்ட அமைப்பின் பெயர் 'எக்பே ஒமோ ஒடுடுவா', ஒடுடுவாவின் பிள்ளைகள் சங்கம். அவொலொவோ இஜேபு-ரெமோ பகுதியைச் சேர்ந்தவர். ஒயோவின் வாசனை அடிக்கும் பெயரைத் தவிர்த்து, எல்லாருக்கும் பொதுவான முன்னோரின் பெயரை வைத்தது நல்ல அரசியல் கணக்கு என்றே நினைக்கிறேன்.

இருந்தாலும் பெயர் மாறும் அறிகுறி தெரியவில்லை. பள்ளிப் பாடம், வானொலி, திரைப்படம், அரசமைப்புச் சட்டம் எல்லாவற்றிலும் அது ஊறிவிட்டது. கியூபாவிலும் பிரேசிலிலும் ஒரிஷா வழிபாட்டைச் சேர்ந்தவர்களே இப்போது லுக்குமி, நாகோ என்பவற்றோடு யொருபா என்ற சொல்லையும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஹவானாவில் இயங்கும் அவர்களுடைய சங்கத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.